பட்டம் பெற்றோரும் பட்டம் பார்ப்போரும்

நொய்யலாற்றின் நீரை வாங்கித் தேக்கிக் கிடக்கிறது சாமளாபுரத்துப் பெருங்குளம். ஒருபுறம் சூலூர், மறுபுறம் மங்கலம், இடையிலே ஓயாத விசைத்தறி ஓசை. கூலிக்கு நெய்யும் தறிக்கூடங்கள் பொழுது புலருமுன்பே ஓடத் தொடங்குகின்றன. அவ்வோசைக்கு நடுவே, இன்னும் மனைகளாக அறுபடாத தென்னந்தோப்பு ஒன்றின் உழவர், கறுத்துப்போன ஓலைத் துணுக்கு ஒன்றைத் தாளிலே சுற்றிக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்கு நடக்கிறார். கடைக்காரர் ஓலையை ஒருமுறை பார்க்கிறார். திரும்பி அடுக்கிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைக்கிறார். உழவர் பணத்தை எண்ணி வைக்கிறார். கொங்குநாட்டின் எந்த ஊரிலும் இன்று காணக்கூடிய காட்சி இது. இதுதான் இந்நாட்டின் உழவுக் கல்வி! வகுப்பறை அந்தக் கடை; ஆசிரியர் அக்கடைக்காரர்; பாடநூல் அப்புட்டியின்மேல் ஒட்டிய துண்டுத்தாள்!

அவ்வோலையைக் கறுக்கச் செய்தது எது? 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடிப்புறத்தில் வெண்மெழுகுச் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும் அது, இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அது வழிந்து படிந்த கீழோலைகளின்மேல் கரும்பூஞ்சணம் படர்கிறது. நஞ்சு தெளிப்பது இதற்கு மருந்தன்று என்பதே வேளாண் அறிஞர் கண்ட முடிவு. அவ்வீயின் இளம்பருவத்தைத் துளைத்து அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்ணிய குளவியினம் தோப்புகளில் தானே பெருகும். நஞ்சைத் தெளித்தால் முதலில் மாய்வது அக்குளவிதான். மஞ்சள் நிற ஒட்டுப்பொறிகளைக் கட்டுதல், நீரை விசையுடன் ஓலையின் அடியிலே பீய்ச்சுதல், குளவியைக் காத்தல் இவையே செய்யத்தக்கவை. செலவு குறைந்த இவ்வறிவைக் கோவையிலுள்ள வேளாண் பல்கலைக்கழகமே எடுத்துச் சொல்லியிருக்கிறது. அப்பல்கலைக்கழகமோ சாமளாபுரத்திலிருந்து ஓரிரு மணிநேரப் பேருந்துச் செலவில் இருக்கிறது. எனினும் அவ்வறிவு வந்து சேருமுன்பே நஞ்சுப்புட்டி வந்து சேர்ந்துவிடுகிறது. ஏன்?

பட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே பல பொருள் உண்டு. உழவர்க்கு அது விதைப்புப் பருவம். ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்று அவர் பார்ப்பது அதைத்தான். கற்றவர்க்கு அது கல்லூரி தரும் தகுதித்தாள். பட்டம் பார்ப்பவர் மொழி தமிழ். பட்டம் பெற்றவர் கற்ற மொழி ஆங்கிலம். இரு பட்டத்தாரும் ஒரே மண்ணில் பிறந்து, ஒரே கூலத்தை உண்டு, ஒருவர் பேச்சு மற்றவர்க்கு எட்டாமலேயே நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது.

கோவைக் கல்லூரியின் வரலாறு சிறியதன்று. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையிலே தொடங்கிய உழவுப் பள்ளி, 1906-இல் கோவைக்குப் பெயர்ந்தது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் அருகிலேயே 1912-இல் அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையம், நாட்டுக்குத் தந்த பயன் அளவிடற்கரியது. பயனற்றதென்று கருதப்பட்ட பேய்க்கரும்பையும் இன்கரும்பையும் கலந்து, வடபுலத்தின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் புதுக்கரும்பு அங்கேதான் உருவாயிற்று. பருத்தியிலும் அவ்வாறே. 1968-இல் வெளிவந்த எம்.சி.யு. 5, 1974-இல் வெளிவந்த சுவின் ஆகிய நீளிழைப் பருத்திகள் கோவையின் கொடை. பின்னலாடைக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற திருப்பூர்ப் பக்கத்திலே, ஒருகாலத்தில் பருத்திக்காடுகளே மிகுதி. கரிசலிலே கருங்கண்ணியும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலே கம்போடியாப் பருத்தியும் விளைந்தன. விளைந்த காட்டுக்கு அருகிலேயே பஞ்சு அரைபட்டு, நூலாகி, துணியாயிற்று. இன்று தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறு பங்குதான் இங்கு விளைகிறது. மற்றது குசராத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் பொதிபொதியாக வருகிறது. சாமளாபுரத்துத் தறியில் ஓடும் நூலுக்கும் சாமளாபுரத்து மண்ணுக்கும் இன்று உறவில்லை.

இவ்வளவுக்கும் மொழியே கரணியம் என்று சொன்னால் அது மிகைப்படக் கூறலாகும். ஆயிரம் அடி ஆழ்துளையிட்டும் நீர் காணாத நிலை, கூலியாள் தட்டுப்பாடு, மனைநிலத்தின் விலையேற்றம், நூல்விலை ஏற்றத்தாழ்வு, திருப்பூருக்குக் கீழே நொய்யலை நஞ்சாக்கிய சாயக்கழிவு என்று பலவும் உண்டு. 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் சாயநீர்த் தேக்கமாகியதும், 2011-இல் சென்னை உயர்நயன்மன்றம் சாயப்பட்டறைகளை மூடச் செய்ததும் இப்பகுதியார் அனைவரும் அறிந்தவை. ஆயினும் மண்ணையும் நீரையும் இழந்தவர் மீண்டும் எழவேண்டுமானால், எதை விதைப்பது, எவ்வளவு நீர் விடுவது, கெட்ட நிலத்தை எப்படித் திருத்துவது என்னும் அறிவு வேண்டும். அவ்வறிவு பேழைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. பேழையின் திறவுகோல் ஆங்கிலம்!

உழவறிவியலைத் தமிழிலே சொல்ல முடியாது, கலைச்சொற்கள் இல்லை என்பார் உளர். பட்டம் பெற்றோருள் பலரும் இதை வெட்கமின்றிச் சொல்கின்றனர். நெற்பயிரின் தூரிலே கூட்டமாக உட்கார்ந்து சாறுறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு உழவர் இட்ட பெயர் புகையான். அது தாக்கிய வயல், நடுவிலே வட்டம் வட்டமாகத் தீய்ந்து, புகைபட்டாற்போல் காணும். பூச்சியின் பெயரிலேயே நோயின் அடையாளமும் அடங்கிவிட்டது. அதன் ஆங்கிலப் பெயரோ பூச்சியின் நிறத்தைத்தான் சொல்கிறது. வயலிலே என்ன நேரும் என்று சொல்வதில்லை. குலைநோய், தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு, கதிர்நாவாய்ப் பூச்சி, தேமல் என்று இப்படி எத்தனை! கொங்குநாட்டிலோ, கிணற்றுநீர் பாய்வது தோட்டம். மழையை நம்பியது காடு. கிளுவை வேலியிட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து ஆடுமாடு மேய்க்க விட்டது கொறங்காடு. வறண்ட காங்கயத்துப் பக்கத்திலே காளைகளை வளர்த்தெடுத்த அக்கொறங்காட்டு முறையை எந்தக் கல்லூரியும் உழவர்க்குக் கற்றுத்தரவில்லை. கல்லூரிதான் உழவரிடம் வந்து கற்று, ஆங்கிலத்திலே ஆய்வேடு எழுதிக்கொண்டது!

இங்கே தமிழ்ப்பற்றாளரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒன்றுண்டு. அறைக்குள் அமர்ந்து, அகரமுதலிகளைப் புரட்டி, உழவர் வாயில் நுழையாத சொற்களை ஆக்கிக் குவிப்பதும் அதே பேழைக்கு வேறொரு பூட்டுப் போடுவதேயாகும். வேளாண்மை என்னும் சொல்லைத் தாமே மீட்டெடுத்துத் தந்ததாகப் புலவர் மகிழ்கின்றனர். பல்லடத்துப் பக்கத்து மூதாட்டியோ அதை ஒருநாளும் விட்டவரல்லர், 'வெள்ளாமை வெளஞ்சுதா?' என்றுதான் இன்றும் கேட்கிறார். பயிர்த்தொழிலுக்குப் 'பண்ணையம்' என்று அவர் சொல்வதற்கு ஈடான சொல் எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. 'விவசாயம்' என்பது பள்ளிக்கூடம் போய்வந்தவர் கொண்டுவந்து சேர்த்த சொல். தூய தமிழ் வரப்பின்மேல் நிற்கிறது. அதைப் போய் எடுத்துவருதலே கலைச்சொற் பணியின் முதற்படி.

தாய்மொழியிலே சொன்னால் உழவர் எப்படி ஏற்பர் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்லவேண்டியதில்லை. 1960-களிலே தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் புதுநெல் பரவிற்று. சப்பானிய நெல்லையும் இந்நாட்டு நெல்லையும் கலந்து உருவாக்கிய குறுகியகால நெல் அது. திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சி அந்நெல்லைப் பற்றித் தமிழிலே, உழவர் பேச்சிலே நாள்தோறும் எடுத்துரைத்தது. எப்போது நாற்று விடுவது, எத்தனை நாளில் பிடுங்குவது, எவ்வளவு எருவிடுவது என்று கேட்டறிந்த உழவர் அதைப் பெருவாரியாகப் பயிரிட்டனர். அவர்கள் அந்நெல்லுக்கு வைத்த பெயர் என்ன? 'ரேடியோ நெல்'! கண்டுபிடித்த நிலையத்தின் பெயரை உழவர் நினைவிற் கொள்ளவில்லை. தம் மொழியிலே தமக்குச் சொன்ன பெட்டியின் பெயரையே நெல்லுக்குச் சூட்டினர். கலைச்சொல் இல்லை என்பார் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

இனி, கடலுக்கு அப்பால் ஒருமுறை பார்க்கவேண்டும். இலங்கை, தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழச் சரிபாதி அளவுள்ள சிறுதீவு, வளர்ந்துவரும் நாடு, உழவை நம்பிய நாடு. உழவுக் கல்வியைச் சீராக அமைத்தால் ஒரு தீவு எப்படித் தழைக்கும், கெடுத்தால் எப்படி வீழும் என்னும் இரண்டையும் அங்கே காணலாம். ஈழத்தமிழர் பள்ளிக்கல்வியைத் தமிழிலேயே பெறுகின்றனர். உயிரியலும் வேதியியலும் உயர்வகுப்பு வரையில் தமிழில்தான். உழவும் அங்கே பொதுத்தேர்வுக்குரிய ஒரு பாடம். இவ்வகையில் தாய்த்தமிழகத்தைவிட ஈழம் பன்மடங்கு முந்தியது. அதற்கும் முன்னரே, 19-ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அறுவை மருத்துவத்தையே தமிழிற் கற்பிக்க ஓர் அயல்நாட்டார்க்கு இயன்றதென்றால், ஏரும் எருவும் பற்றிய கல்வியைத் தமிழிற் கற்பிக்கத் தமிழர்க்கு இயலாதென்பது எத்துணை நாணத்தக்கது!

எனினும் ஈழத்திலும் அந்நூல் பாதியிலேயே அறுந்துபோகிறது. பள்ளியிலே தமிழில் உழவு கற்ற மாணவன், பல்கலைக்கழக வேளாண் புலத்துள் நுழைந்ததும் ஆங்கிலத்துக்கு மாறவேண்டும். மட்டக்களப்பிலே 1981-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986-இல் கிழக்குப் பல்கலைக்கழகமான கழகத்திலும் அப்படித்தான்; 1990-இல் கிளிநொச்சியிலே தொடங்கி, போரால் துரத்தப்பட்டு, போர் ஓய்ந்தபின் மீண்டும் அங்கே சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலும் அப்படித்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஈழத்து உழவர் தம் தொழிலைக் 'கமம்' என்பர். தம்மைக் 'கமக்காரர்' என்பர். இத்துணை அழகிய சொல் வழக்கிலிருக்க, பள்ளிப் பாடத்துக்கு 'விவசாய விஞ்ஞானம்' என்று பெயர்! அந்நாட்டு அலுவலகப் பெயர்களிலே 'கமநலம்' என்னும் சொல் எஞ்சியிருப்பது ஒன்றே ஆறுதல்.

அத்தீவு கற்றுத்தரும் பெரும்பாடம் வேறு. பல்கலைக்கழகத்தார்க்கும் உழவர்க்கும் நடுவே பாலமாக நிற்பவர் ஊர்தோறும் அமர்ந்த விரிவாக்கப் பணியாளரே. வயலுக்கு வந்து, பயிரைப் பார்த்து, உழவர் மொழியிலே சொல்பவர் அவர். இலங்கை முழுதும் அப்படிப் பணியாற்றியவர் ஏறத்தாழ 2,400 பேர். 1989-இல் அந்நாட்டரசு அவர்களை ஒருசேர எடுத்து ஊர் ஆட்சி அலுவலராக்கிவிட்டது. நேற்றுவரை பயிருக்கு வந்த நோயைப் பார்த்தவர், மறுநாள் முதல் பிறப்புச் சான்றும் குடியிருப்புச் சான்றும் எழுதிக்கொடுக்கும் அலுவலரானார். மாநில அவைகளுக்கும் நடுவணரசுக்கும் இடையே வேளாண்துறை பிளவுபட்டதும் அதே காலத்தில்தான். ஊரளவிலே உழவாசிரியர் இல்லாத நாடாயிற்று இலங்கை. அவ்விடத்தில் வந்து அமர்ந்தவர் யார்? உரக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும்தாம்! சாமளாபுரத்துக் கதைதான் அங்கும்.

முப்பதாண்டு சென்றபின் அதன் விளைவு வெளிப்பட்டது. 2021 ஏப்பிரல் திங்களிலே, குடியரசுத் தலைவராயிருந்த கோத்தபய இராசபக்சே, நாடு முழுவதும் செயற்கை உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே வீச்சில் விலக்குவதாக அறிவித்தார். மே திங்களில் ஆணை வந்தது. இயற்கை வேளாண்மைக்கு மாறுதல் உயர்ந்த குறிக்கோளே. ஆனால் அதற்கு வேண்டிய தொழுவுரம் எங்கே? பசுந்தாள் விதை எங்கே? தழைச்சத்தை எருவிலிருந்து பெற எவ்வளவு இடவேண்டும், எப்போது இடவேண்டும், பூச்சி வந்தால் எதைக் கொண்டு தடுப்பது என்று உழவர்க்குக் கற்றுத்தர ஊர்தோறும் ஆசிரியர் எங்கே? பேராதனைப் பல்கலைக்கழகத்து வேளாண் அறிஞர் உள்ளிட்ட பலரும் எச்சரித்தனர், அரசு செவிசாய்க்கவில்லை. கடைசியில் இயற்கை உரத்தைச் சீனத்திலிருந்து கப்பலில் வருவிக்க முயன்றனர். அச்சரக்கிலே பயிருக்குத் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாக அந்நாட்டு ஆய்வாளர் கண்டு மறுக்க, கப்பல் திருப்பப்பட்டது. எனினும் வழக்கைத் தீர்க்க அறுபது இலக்கத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வெள்ளியை இலங்கை கொடுத்தழ வேண்டியதாயிற்று. சாணமும் தழையும் மலிந்த தீவு, எருவுக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்ற கொடுமையை எண்ணுக! 2021 நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போக நெல் பட்டம் தவறிவிட்டது. விளைச்சல் பேரளவு சரிந்தது, தேயிலையும் தாழ்ந்தது, அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அயல்நாட்டு அரிசிக்குக் கையேந்திற்று. பணமுடையும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர, 2022 சூலையில் அக்குடியரசுத் தலைவரே நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார். உர ஆணை ஒன்றே அவரை வீழ்த்தியதென்பது பொருந்தாது; கடனும் வரிக்குறைப்பும் பெருந்தொற்றும் அதனினும் பெரியவை. ஆனால் சோற்றுத்தட்டிலே கைவைத்தது அவ்வாணைதான்.

இதைக் கண்டு இயற்கை வேளாண்மையே தோற்றுவிட்டதென்று கைகொட்டினர் சிலர், பெரும்பாலும் உரத்தொழிலுக்கு நெருங்கியவர். அது தவறு. தோற்றது இயற்கை வேளாண்மையன்று. கற்பிக்காமல் ஆணையிட்ட ஆட்சிமுறை. அதே வேளையில், இயற்கை வேளாண்மை என்றால் உரமூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டால் போதும் என்று எண்ணுவாரும், தமிழ்ப்பற்றாளருள்ளே அத்தகையார் சிலர் உண்டு, இலங்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். செயற்கை உரத்தைவிட எரு அதிக அறிவைக் கேட்பது. மூட்டையில் சத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். எருக்குழியில் அப்படி ஒன்றும் எழுதியிருப்பதில்லை. 2013-இல் மறைந்த நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை கற்றவர். கோவில்பட்டி ஆய்வுநிலையத்து வேலையை விட்டு வெளியேறியவர். அவர் ஊரூராக நடந்து செய்தது என்ன? கற்பித்தல்! மூடாக்கு ஏன் இடவேண்டும், மண்ணுக்குள் மண்புழு என்ன செய்கிறது என்று, அறிவியலை அணுவும் குறைக்காமல், எளிய தமிழிலே வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மக்கள் கேட்டனர், கரணியம் வெளிப்படை.

மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருவோர்க்குத் தென்படுவது என்ன? உழவர்க்குப் பயிற்சி தருவதற்கென்று இந்திய நாடெங்கும் மாவட்டந்தோறும் நிலையங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது தொடங்கியது 1974-இல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில். தமிழ்மண்ணில் முளைத்த அவ்வமைப்புக்கு வைத்த பெயர் 'கிருசி விஞ்ஞான் கேந்திரா'! தமிழ் உழவர்க்குக் கற்பிக்கும் இடத்துக்குத் தமிழர் தொடங்கிவைத்தபோதே தமிழ்ப்பெயர் இல்லை. பின்னர்தான் பலகையிலே 'வேளாண் அறிவியல் நிலையம்' என்று எழுதினர். திருப்பூர் மாவட்டத்துக்குரிய நிலையம் பொங்கலூரில் இருக்கிறது. அங்கே நடக்கும் பயிற்சிகள் தமிழில்தான்; போற்றத்தக்கவை. ஆனால் சாமளாபுரத்துத் தறிக்கூடங்களிலே நெய்வோருள் எத்தனை பேர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்? 2018-இல் அரசு வெளியிட்ட 'உழவன்' செயலியும் தமிழில் இருக்கிறது. விலை தெரிகிறது, மழை தெரிகிறது. ஓலை ஏன் கறுத்தது என்று கேட்டுத் தெளிய ஆள் வேண்டும். செயலி ஆளாகாது.

புட்டியின்மேல் ஒட்டிய தாளையும் ஒருமுறை பார்க்கலாம். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இலும் அதன் விதிகள் 1971-இலும் வந்தன. உள்ளே வைக்கும் விளக்கத்தாள் வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்பது விதி. தாள் இருக்கிறது, எழுத்தோ எறும்பின் கால் அளவு. உழவருள் முதியவர் பலர். கண்ணாடி அணிந்தாலும் படிக்க இயலாத எழுத்து. நஞ்சின் கடுமையைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறக் கட்டங்கள் உள்ளன. சிவப்பே மிகக் கொடியது. உயிர்காக்கும் இவ்வொரு செய்தியையேனும் தொடக்கப்பள்ளியில் குழந்தைகட்குச் சொல்லிக்கொடுத்தால், வீட்டுக்குச் சென்று தந்தையின் கையிலுள்ள புட்டியைப் பார்த்து அவர்களே சொல்லிவிடுவர். அதற்கு எந்தக் கலைச்சொல்லும் தேவையில்லை.

2021-22 கல்வியாண்டிலே ஒரு நல்ல செய்தி வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டப்படிப்பும் தோட்டக்கலைப் பட்டப்படிப்பும் தமிழ்வழியில் தொடங்கின. சைதாப்பேட்டைப் பள்ளி தோன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபின்பு! தாமதம் தாமதமே, ஆயினும் வரவேற்கத்தக்கது. வரவேற்றுவிட்டு ஓய்ந்திருத்தல் தகாது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியிலே தொடங்கியபோதும் இப்படித்தான் மகிழ்ந்தனர். அதே ஆண்டில், தமிழ்வழி கற்றோர்க்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டமும் வந்தது. பின்னர் நேர்ந்ததென்ன? சேர்வோர் குறைந்தனர். 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அப்படிப்பையே நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக் கண்டு, அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். நல்ல நூல்கள் வேண்டும். கற்றுமுடித்தபின் தமிழாலேயே பயன்கொள்ளும் வேலை வேண்டும். இவையின்றித் தொடங்கும் தமிழ்வழிப் படிப்பு, நீர்பாயாத நாற்றங்கால். பொறியியலைவிட வேளாண்மைக்கு இங்கே ஒரு பெரும் வாய்ப்பு இருக்கிறது. பொறியாளர் வேலை தேடிச் செல்லும் நிறுவனம் ஆங்கிலம் கேட்கலாம். வேளாண் பட்டத்தார் சென்று பேசவேண்டிய உழவர், தமிழைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை! வட்டாரந்தோறும் உள்ள விரிவாக்க மையங்களில் தமிழ்வழி கற்றோரை அமர்த்துவதில் அரசுக்கு என்ன தடை?

அதினும் கீழே, பள்ளியிலே தொடங்கவேண்டும். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மைப் பாடம் உண்டு. நூலும் தமிழில் உண்டு. ஆனால் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அவ்விடம் நிரப்பப்படாமல், பிரிவே மெல்ல மூடப்பட்டது பல பள்ளிகளில் நடந்திருக்கிறது. அறிவிற் பின்தங்கியவர்க்கே தொழிற்பிரிவு என்னும் இழிந்த எண்ணம் வேறு. சாமளாபுரம் போன்ற தறியூர்களில் இதன் தேவை வேறெங்கினும் மிகுதி. அங்குள்ள பிள்ளைகளுள் பலர்க்குத் தாத்தா உழவர், தந்தை தறிக்காரர். நிலம் குடும்பத்தில் இன்னும் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ கிடக்கிறது. அதில் என்ன செய்வதென்று வீட்டில் எவர்க்கும் தெரியாது. தாத்தா மறைந்தால் அறிவும் மறைகிறது. அவ்வறிவைப் பிள்ளை எழுதிவைக்கட்டும். எந்தப் பட்டத்தில் எது விதைத்தார்கள், குளம் நிரம்பினால் எந்தக் கிணறு ஊறும், கருங்கண்ணி எந்தக் காட்டில் விளைந்தது என்று கேட்டெழுதுவதையே பள்ளிப்பாடத்தின் முதற்பகுதியாக்கலாம். இரண்டாம் பகுதிக்குப் பல்கலைக்கழகத்துத் தமிழ்வழி மாணவர் திங்களுக்கு ஒருநாளேனும் வரட்டும். அவர்கள் புகையானைக் கற்றுத்தருவர்; கொறங்காட்டைக் கற்றுக்கொண்டு செல்வர்.

இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. தமிழ்வழி மாணவர்க்கென்று அச்சிடும் பாடநூல்களை வளாகத்துள்ளேயே அடைத்து வைக்காமல், விலைகுறைந்த பதிப்பாகப் பேரூர் நூலகந்தோறும் கிடைக்கச் செய்தாலே பாதிவழி கடந்தாயிற்று. எழுத்து மட்டும் எறும்பின் கால் அளவாக இல்லாமல், அறுபது அகவையினர் கண்ணாடியின்றிப் படிக்கும் அளவில் இருக்கட்டும். சாமளாபுரம், சோமனூர், பல்லடம், மங்கலம் பகுதித் தமிழ்மன்றத்தார் பொங்கல்விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைக் கொண்டு இவற்றை வாங்கிப் பள்ளிகட்கு வழங்கலாம். வரும் ஆடிப் பட்டத்துக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கத் தொடங்கலாம்.